என் மகளின் விளையாட்டில் உட்கார்ந்திருந்தவர்

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் என் மகள் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டாள். அவள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு, சிநேகிதி ஒருத்தியோடு சேர்ந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய வீடு ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்து, இரண்டு வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். வேலையை விட்ட செய்தியைச் சொன்ன அன்று நானும் என் மனைவியும் அவள் விட்ட சம்பளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு பழகிவிட்டது. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்போம். அது பொய்யில்லையே.

"தமிழ்லயும் போட்டிருக்கோம்பா. நீ வந்து ஒரு தடவ ஆடிப் பாரு" என்றாள்.

"எனக்கு இன்னா தெரியும் அதுல?"

"தெரியாதவங்கதான் வேணும். எங்க மாட்டிக்கிறேன்னு நான் பாக்கணும்."

நான் கோலார் தங்கவயலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் பல இடங்களில் அதே வேலை பார்த்து, இப்போது ஜோகுபாளையத்தில் இரண்டு அறை வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். ஒரு சாமான் எந்த இடத்தில் பழுதாகும் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமான விஷயம். சரி என்று ஆட்டோ ஏறிப் போனேன்.

மாடி அறையில் இரண்டு மேஜை, சுவர் முழுக்க ஒட்டிய படங்கள். சிநேகிதி ஹாசன் பக்கத்துப் பெண், கன்னடக்காரி. தமிழை இந்த ஊரில் பேசிப் பேசியே கற்றுக்கொண்டவள். விளையாட்டில் படங்கள் அவள் வேலை. கதையும் பேச்சும் என் மகளுடையது. என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, இரண்டு கையாலும் பிடிக்கிற பொத்தான் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள்.

"ஒரு ரூல்" என்றாள் மகள். "நீ என்ன வேணா பண்ணலாம். நான் பின்னாடி உக்காந்து எழுதிகினு இருப்பேன். எதுவும் சொல்ல மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது."

திரையில் மழைக்கோட்டு போட்ட சின்ன உருவம் ஒன்று ஒரு சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. கீழே எழுத்து வந்தது: 'வந்துவிட்டீர்களா. யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. பரவாயில்லை.'

அந்த உருவம்தான் நான். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சுடுவது, தாண்டுவது, பிடிப்பது எதுவும் கிடையாது. ஊருக்குள் நடக்க வேண்டும். எதிரில் வருகிறவர்களிடம் பேச வேண்டும். அவ்வளவுதான். ஒரு தெருவில் தையற்காரர் ஒருவர் ஆட்களின் நிழலை நாடாவால் அளந்துகொண்டிருந்தார். என் நிழலையும் அளந்துவிட்டு, 'இது உங்களுக்குக் கொஞ்சம் லூஸ்' என்றார். ஒரு பெண் மேகங்களைப் பிழிந்து கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கண்டக்டராக ஓர் ஆடு நின்றது. 'எங்கே போக வேண்டும் என்று சொல்லாதீர்கள். கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது' என்று டிக்கெட்டைக் கிழித்து அதுவே தின்றுவிட்டது. மூடிகள் மட்டும் விற்கும் கடை ஒன்று இருந்தது. பாத்திரம் எங்கே என்று கேட்டால் கடைக்காரர் அழுதார்.

முதல் அரைமணி நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்காகவா வேலையை விட்டாள் என்று நினைத்தேன். பிறகு என்னை அறியாமல் ஒவ்வொரு சந்தாக நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக் கண்டக்டரிடம் நான்காவது தடவை பேசப்போனபோது நான் சிரித்திருக்க வேண்டும். பின்னால் மகள் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது.

அப்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. கீழே யாரோ பார்சல் கொண்டுவந்திருந்தார்கள். "நீ ஆடிகினு இருப்பா" என்று இறங்கிப் போனாள்.

நான் பஸ்ஸை விட்டிறங்கி, ஊரின் ஓரமாக நடந்தேன். தூரத்தில் வெள்ளை மண்மேடுகள் தெரிந்தன. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலைபோல் குவிந்து, எங்கள் ஊரைச் சுற்றி அப்படித்தான் நிற்கும். பரவாயில்லையே, பிறந்த ஊரை வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேடுகளுக்கு இந்தப் பக்கம் ஒரு மூங்கில் புதர். புதருக்கு முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர். மடியில் இரண்டடுக்கு டப்பா. சுற்றிலும் மூன்று நாய்கள்.

நான் கிட்டே போனதும் அவர் கையிலிருந்த செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாளில் ஒன்றும் அச்சாகியிருக்கவில்லை, வெள்ளையாக இருந்தது.

'நீங்கள் யாரையும் பார்க்கவில்லை' என்றார். 'நானும் யாரையும் பார்க்கவில்லை.'

இன்னொரு தடவை அமுக்கினேன்.

'மணி என்ன? சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.'

இன்னொரு தடவை. அவர் டப்பாவைத் திறந்து, சோற்றை நாய்களுக்குக் கொட்டினார்.

'காலி டப்பாவாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால் கேள்வி வரும்.'

காதுக்குள் குப்பென்று ஒரு சத்தம். சுரங்கப் பாதாளத்தில் லிஃப்ட் வேகமாக இறங்கும்போது காது அடைக்குமே, அப்படி. அந்த மூங்கில் எனக்குத் தெரியும். அந்த பெஞ்சு தெரியும். அந்த நாய்களில் ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும், திரையிலும் கிழிந்திருந்தது.

"அங்கிள், எனக்கு இந்த கேம்லயே இவர்தான் ரொம்ப இஷ்டம்" என்றாள் சிநேகிதி, பக்கத்து மேஜையிலிருந்து. "அவளே பேப்பர்ல வரைஞ்சு குடுத்தா. நான் கலர் மட்டும் போட்டேன். பாவம் அல்வா?" 'இல்லையா' என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும்.

கதவருகே மகள் பார்சலோடு நின்றுகொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவ்வளவு சீக்கிரம் அந்த மூலைக்கு வந்துவிடுவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்று அப்புறம் சொன்னாள். பெரும்பாலானவர்கள் ஆட்டு பஸ்ஸை விட்டு இறங்குவதே இல்லையாம்.

"வெளிய போய் ஒரு டீ குடிக்கலாம்" என்றேன்.

என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சுரங்கத்தை மூடியபோது என் மகளுக்கு எட்டு வயது. எனக்குப் பெங்களூரில், பழைய மெட்ராஸ் ரோட்டில் மோட்டார் காயில் சுற்றும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் ஆட்கள் நூற்றுக்கணக்கில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருவார்கள். நானும் அவர்களோடு வந்தேன். நான்கு மாதத்தில் பட்டறைக்காரர் ஆள் குறைத்தார். குறைந்த ஆள் நான்.

அன்றைக்கு வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவ்வளவு பெரிய சுரங்கமே போய்விட்டதே என்று என் மனைவி அழுது ஓய்ந்து அப்போதுதான் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று மறுநாளும் ரயிலேறினேன். அப்படியே ஏழு மாதம் போய்விட்டது. சுரங்கத்தில் கொடுத்த பணம் பாங்கில் இருந்தது. அதிலிருந்து எடுத்துச் சம்பளம் என்று கொடுத்தேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, கூட வந்தவர்களோடு பேசிக்கொண்டே சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன். அங்கே கூட்டத்தில் கழன்றுகொள்வேன். சில நாள் கடை கடையாக ஏறி வேலை கேட்பேன். பல நாள் கேட்கவும் தெம்பு இருக்காது. நேராகக் கப்பன் பார்க் போய், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. குடும்பத்தையும் இங்கே கொண்டுவந்துவிட்டேன். அந்த ஏழு மாதம் யாருக்கும் தெரியாது என்று இருபது வருஷத்துக்கும் மேலாக நிம்மதியாக இருந்தேன்.

ரோட்டு முனை பேக்கரியில் ஆளுக்கொரு டீயோடு நின்றோம்.

"எப்போ பாத்தே?" என்றேன்.

"நாலாங் கிளாஸ் எக்ஸ்கர்ஷன்ல."

"லால்பாக்தானே கூட்டிகினு போனாங்க?" எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. பள்ளிக்கூடத்துச் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். லால்பாக் என்று படித்துவிட்டு, நல்லவேளை என்று மூச்சுவிட்டதும் நினைவிருக்கிறது.

"அங்க முந்தின நாள் மழைல ஒரே சேறு. சாப்பாட்டுக்கு உக்கார இடமில்லனு மிஸ்ஸுங்க கப்பன் பார்க்குக்கு பஸ்ஸ திருப்பிட்டாங்க."

"பாத்தா கூப்புட வேண்டியதுதானேம்மா?"

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கூப்டேன்பா."

எனக்குப் புரியவில்லை.

"அப்பானு கூப்டேன். நீ என்னப் பாத்தே. பாத்துட்டு பேப்பரத் தூக்கி மூஞ்சிக்கு முன்னாடி வெச்சிகினே."

பேக்கரிக்குள் யாரோ தட்டில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"மிஸ் கேட்டாங்க, யாரும்மா அதுனு. தெரில மிஸ், யாரோனு சொல்லிட்டேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பலகாலமாகச் சொல்லிப் பார்த்துப் பழகிய வாக்கியம் மாதிரி வந்தது. தான் பார்த்தது அப்பா இல்லை என்று அவளும், அவளைப் பார்க்கவில்லை என்று நானும் நடந்துகொள்வதாக நாங்கள் இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதாகவே அவள் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து, டப்பாவைக் கொடுத்து, "சுத்தமா சாப்ட்டேன்" என்று அவள் அம்மாவிடம் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

நான் அவளைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தவன் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு நினைவு வந்துவிட்டது. அவளல்ல, அந்தக் கலர். மெரூன் பாவாடைகளும் மெரூன் டிரவுசர்களும் வரிசையாக மூங்கில் பக்கம் வளைந்து வந்தன. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தவுடன் என் கை தானாகவே செய்தித்தாளைத் தூக்கியது. பிள்ளைகளில் யார் யாரென்று நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் என் பிள்ளை இருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தூக்கினேன். சத்தங்கள் கேட்டன. அதில் "அப்பா" என்று ஒன்று இருந்ததா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"யூனிஃபார்மப் பாத்தேன்" என்றேன். "அதப் பாத்துதான் மறைச்சிகினேன். உன் மூஞ்சியப் பாக்கலம்மா."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவள் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று நினைத்தேன். பட்டறை, பார்க், ஏழு மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நாலு மணிக்கு எழுந்து கட்டிக் குடுத்தேன்" என்றாள். "அத நாய்க்கா போட்டீங்க?"

"எல்லா நாளும் இல்ல. தொண்டைல எறங்காத நாள்ல."

அது வரைக்கும் தாங்கிக்கொண்டாள். எக்ஸ்கர்ஷன் விஷயத்தைச் சொன்னபோதுதான் கத்தி நின்றது.

"அன்னிக்கி வந்து சாப்பாடே வேணாம்னா" என்றாள் மெதுவாக. "வயித்து வலினா. கண்டதத் தின்னுட்டு வந்து நிக்கிறியானு முதுகுல ஒண்ணு வெச்சேன்."

அவள் கண்கள் பெரிதாகத் திறந்தபடியே இருந்தன. என்னைப் பார்க்கவில்லை; எதிரே சுவரைப் பார்த்தாள். ஒன்பது வயதுக் குழந்தையை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமாக அடித்திருக்கிறோம், அடித்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதைத்தான் அவள் அந்தச் சுவரில் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பத்துநாள் போல என்னோடு பேசவில்லை. நேரத்துக்குச் சோறு தட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நாள் பேசாமலிருந்தது கிடையாது. ஒருநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "அந்த வெளயாட்ட நான் பாக்கணும்" என்றாள். அதுதான் முதல் பேச்சு.

மூன்று பேரும் மாடி அறையில் இருந்தோம், சிநேகிதியும் இருந்தாள். என் மனைவிக்குப் பொத்தான் கருவி கைக்குப் பிடிபடவில்லை. மழைக்கோட்டு உருவம் சுவரிலேயே முட்டிக்கொண்டு நடந்தது. தையற்காரரையும் ஆட்டையும் அவள் கண்டுகொள்ளவே இல்லை. "எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டாள். மகள் தன் ரூலை விட்டுவிட்டு, அம்மாவின் கைமேல் கைவைத்து மூங்கில் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள்.

அந்த மனிதர் தாளைத் தூக்கினார். யாரையும் பார்க்கவில்லை என்றார். ரயிலைப் பற்றிச் சொன்னார். சோற்றைக் கொட்டினார். மூன்றும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். என் மனைவி பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். இருபது தடவை, முப்பது தடவை. அவர் மறுபடி மறுபடி சோற்றைக் கொட்டினார்.

"இவரு வேற எதுவும் சொல்ல மாட்டாரா?"

"அவ்ளோதான்மா எழுதினேன்."

"பக்கத்துல உக்கார முடியாதா?"

"முடியாது."

"ஏன் முடியாது? பெஞ்சு காலியாத்தானே கெடக்குது."

மகள் நோட்டை இழுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். பக்கத்து மேஜையில் சிநேகிதி கையில் பேனாவைப் பிடித்தபடி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் அவள் நிறம் தீட்டிய மனிதர் யாரென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "அங்கிள், இது நிஜமா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தது அவள் மட்டும்தான்.

"எடுத்துடட்டுமாப்பா?" என்றாள் மகள், திரையைக் காட்டி. "வெளிய வர இன்னும் நாள் இருக்குது. எடுத்தா யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது என்ற வார்த்தை எனக்கு அந்த நிமிஷத்தில் பிடிக்கவில்லை.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன். "ஒண்ணு மட்டும் தப்பு. சட்ட காக்கி. நீலம் இல்ல."

"எனக்கு நீலமாத்தான் ஞாபகம்."

"பட்டறைல குடுத்தது காக்கிதான்மா."

"நீலம்பா" என்றாள். நீலமாகவே இருக்கிறது.

பெஞ்சில் உட்காரும் வசதியை ஒரு வாரத்தில் செய்துவிட்டார்கள். ஆனால் உட்கார்ந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதில் மகள் மாட்டிக்கொண்டாள். ஒரு மத்தியானம் போன் செய்து, "வந்துட்டுப் போறியா?" என்றாள். போனேன்.

"அவரு பேப்பர எறக்கறாப்பல மூணு தடவ எழுதினேன். மூணையும் அழிச்சிட்டேன்" என்றாள். "பின்னாடி இன்னா மூஞ்சி இருக்கும்னு எனக்குத் தெரிலபா. நான் பாத்ததில்ல."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்த ஏழு மாதத்தை முதல் நாளிலிருந்து சொன்னேன். பட்டறைக்காரர் பேசிய தினுசு, சிவாஜிநகரில் கூட்டத்தில் கழன்றுகொள்ளக் கற்றுக்கொண்டது, பார்க்கில் குழாய்த் தண்ணீரில் கை கழுவியது, வேலை இல்லாத இன்னொரு ஆள் தினமும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தும் நாங்கள் ஒருநாளும் பேசிக்கொள்ளாதது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தப் பேப்பர்ல இன்னா படிப்பே?"

"ஆள் தேவைனு போடுவாங்களே, அந்தப் பக்கம். மத்தது எதையும் பிரிக்க மாட்டேன்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

விளையாட்டு இந்த வருஷத் தொடக்கத்தில் வெளியானது. ஏதேதோ தேசத்து ஆட்கள் வாங்கி ஆடுகிறார்களாம். ஆட்டுக் கண்டக்டரைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். மூங்கில் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். போகிறவர்கள் பெஞ்சில் உட்காரலாம். உட்கார்ந்தால் நாய்கள் அவர்கள் காலடியிலும் வந்து படுக்கும். வெள்ளையாக இருந்த தாளில் இப்போது சின்னச் சின்ன எழுத்தில் வேலை விளம்பரங்கள் இருக்கின்றன. அந்த மனிதர் தாளை இன்னும் இறக்கவில்லை. அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று நான் சொன்னதை அவள் நம்புகிறாளா என்று எனக்குத் தெரியாது.